நெற்பயிரின் செம்புள்ளி நோய்

நெற்பயிரின் இலைகளில் எள்ளளவில் தோன்றும் பழுப்புப் புள்ளிகளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இப்புள்ளிகளுக்கு வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1942-ஆம் ஆண்டில் வங்காளத்தில் இந்நோய் கடுமையாகப் பரவிற்று. சின்சுரா, பாங்குரா ஆகிய ஆராய்ச்சி நிலையங்களில் சில நெல் வகைகளின் விளைச்சல் முந்திய ஆண்டைவிட 40 முதல் 90 சதவீதம்வரை குறைந்தது. 1943-இல் பெரும்பஞ்சம் நேர்ந்தது. போர்க்கால நெருக்கடி, விலையேற்றம், புயல் ஆகியவையும் அதற்குக் காரணங்களாம். நோயின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நோய்க்குக் காரணம் 'பைபோலாரிஸ் ஒரைசே' என்னும் பூசணம். முன்னர் இது 'ஹெல்மிந்தோஸ்போரியம் ஒரைசே' எனப்பட்டது. இது விதையில் தங்கி நாற்றைத் தாக்கும். வித்துகள் காற்றில் பரவும். இலையில் ஈரம் நீடிப்பின் நோய் பெருகும்.

இதனைக் குலைநோயினின்று பிரித்தறிதல் இன்றியமையாதது. செம்புள்ளி முட்டை வடிவானது. நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் கொண்டது. குலைநோய்ப் புள்ளியோ இருமுனையும் கூர்ந்து கதிர் வடிவில் இருக்கும். தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் வளரும். செம்புள்ளியோ பெரும்பாலும் சத்துக் குன்றிய நிலத்தில் மிகும். ஆகவே, செம்புள்ளியைக் குலைநோயெனக் கருதித் தழைச்சத்தை நிறுத்தினால், பசித்த பயிர் மேலும் நலிவுறும்.

எனவே நோய் ஆண்டுதோறும் காணப்படும் வயலில் முதலில் மண்ணைச் சோதித்தல் வேண்டும். தழைச்சத்து, சாம்பல்சத்து, சிலிக்கா ஆகியவற்றின் குறையை நீக்குவதே நிலையான தீர்வு. நோயற்ற வயலின் விதையையே பயன்படுத்துக. ஐயமிருப்பின், விதையை 8 மணி நேரம் குளிர்நீரில் ஊறவைத்தபின் 53 முதல் 54 பாகை செல்சியஸ் வெந்நீரில் 10 முதல் 12 நிமிடங்கள் அமிழ்த்துதல் நன்று. வெப்பம் இதனினும் மிகுந்தால் முளைப்புத்திறன் கெடும். வெப்பமானியின்றி இதனைச் செய்யலாகாது.

பள்ளிகளில் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். ஈரமான மையொற்றுத்தாளில் விதைகளைப் பரப்பி மூடிவைத்தால், நோயுற்ற விதைகளின் மீது ஒரு வாரத்தில் கருமையான பூசண வளர்ச்சி தோன்றும். அதனைக் கைலென்சால் நோக்கும் மாணவர், நோய் வயலில் தோன்றுமுன்னரே விதையில் உறைந்திருப்பதை நேரில் உணர்வர்.