பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கப்போகும் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பங்களா ஒன்றிலிருந்து கைமாறி வந்த பழைய இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதென்றும், .450 தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட அதன்மேல் லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறதென்றும், உன் சேகரிப்புக்கு அதை வாங்குவது உசிதமா, வாங்குவதாயின் என்ன கிரயம் நியாயம் என்றும் கேட்டிருக்கிறாய். கடிதத்தில் பெரும்பகுதி அந்தத் துப்பாக்கி வீழ்த்திய புலிகளைப் பற்றியும், அதன் முதல் சொந்தக்காரரான துரை எந்தெந்த மகாராஜாக்களுடைய வேட்டை முகாமில் விருந்தாளியாக இருந்தார் என்பதைப் பற்றியுமே இருக்கிறது. குழல் எப்படியிருக்கிறது, கட்டை எப்படியிருக்கிறது என்பதற்கு நாலு வரிகூட நீ ஒதுக்கவில்லை. ஆகவே கிரயத்தைப் பற்றி இப்போது நான் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. எதை எப்படிப் பரீட்சிப்பது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

விற்கிறவர் வாய்வழியாகச் சொல்லும் கதைக்கு நீ ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. நம் தென்னாட்டில் பழைய .405 வின்செஸ்டர் எங்காவது அகப்பட்டால், அது பிரசித்தி பெற்ற வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் தோளில் சுமந்ததுதான் என்று சொல்வதற்கு யாராவது ஒருவர் தயாராக இருப்பார். 1895-ஆம் வருஷத்து மாதிரி வின்செஸ்டரை அவர் உபயோகித்தார் என்பது வாஸ்தவமேயானாலும், அதே மாதிரியை உபயோகித்தவர்கள் உலகெங்கும் ஏராளமானவர்கள். இதற்கு எதிரிடையாக ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பியை எடுத்துக்கொள். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் அவர் சுட்டு வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினன்ட் கவர்னர் ஸர் ஜான் ஹூவெட் அந்தத் துப்பாக்கியை அவருக்குப் பரிசளித்தார் என்ற செய்தி, அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டிலேயே பொறித்திருக்கிறது; கார்பெட் தம்முடைய நூல்களிலும் அந்த .275-ஐப் பற்றி எழுதியிருக்கிறார். அதைச் செய்த கம்பெனியே 2015-இல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதென்றால், அது வெள்ளியும் எழுத்தும் சாட்சி சொன்னதால்தான். அத்தகைய சாட்சி இல்லாத இடத்தில், துப்பாக்கியின் உடம்பு எதைச் சொல்லுகிறதோ அதற்கே விலை.

உன்னுடைய துப்பாக்கி .450 என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்தை நிரப்பிய பெரிய .450 தோட்டாவை ரிக்பி கம்பெனியார் 1898-இல் வெளியிட்டார்கள். யானை, காட்டெருது வேட்டைக்குப் போகிறவர்கள் அதை மிகவும் விரும்பினார்கள். ஆனால் 1907 வாக்கில் இந்திய சர்க்கார் .450 அளவுத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இந்தியாவுக்குள் வரக்கூடாதென்று தடை விதித்தது. பட்டாளத்துப் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளும் ஏறக்குறைய அதே அளவுக் குழல் உடையவை. அவை கலகக்காரர்கள் கையில் கிடைத்திருந்த நிலையில், வேட்டைத் தோட்டாவின் சாமான்கள் அவற்றுக்கு உதவிவிடுமே என்பது சர்க்காரின் அச்சம். இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத இங்கிலாந்துக் கம்பெனியார் அதன் பிறகுதான் .465, .470, .475, .476 என்று ஆளுக்கொரு புது அளவைக் கண்டுபிடித்தார்கள். பெரிய துப்பாக்கிகளில் இத்தனை நெருக்கமான அளவுகள் இருப்பதற்குக் காரணம் வேட்டை சாஸ்திரமன்று, நம் நாட்டுச் சுங்கச் சாவடி. இப்போது யோசித்துப் பார்: துரை 1912-இல் லண்டனிலிருந்து புதிதாகத் தருவித்தார் என்று விற்கிறவர் சொல்கிறாரே, தடை அமலிலிருந்த காலத்தில் அது எவ்வாறு துறைமுகத்தைத் தாண்டி வந்தது? வருஷம் பிசகாயிருக்கலாம், அளவை நீ சரியாகப் படிக்காமலிருக்கலாம், அல்லது துப்பாக்கி 1907-க்கு முந்தையதாகவே இருந்து, கதை மட்டும் பிந்தையதாக இருக்கலாம்.

அது முந்தையதாயின் இன்னொரு விஷயத்தை நீ கவனித்தே ஆகவேண்டும். கார்டைட் வருவதற்கு முன்னால் கரிமருந்துக்காகச் செய்யப்பட்ட .450 துப்பாக்கிகளும் உண்டு. மூன்றேகால் அங்குல நீளமுள்ள அந்தப் பழைய பித்தளைக் கூட்டையே ரிக்பியார் கார்டைட் தோட்டாவுக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். ஆகையால் பிந்திய தோட்டா முந்திய துப்பாக்கிக்குள் தாராளமாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அது வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்க அந்தக் குழல் செய்யப்பட்டதன்று. தோட்டா உள்ளே போகிறதே என்று நம்பினால் ஆபத்து. துப்பாக்கி எந்த மருந்துக்காகச் செய்யப்பட்டது என்பதை நிச்சயிப்பதற்கு ஒரே வழி குழல்களைக் கழற்றி, அவற்றின் அடிப்புறத் தட்டைப் பாகத்தில் அடித்திருக்கும் முத்திரைகளை ஒரு பூதக்கண்ணாடியால் படிப்பதுதான். இங்கிலாந்தில் எந்தத் துப்பாக்கியும் லண்டனிலோ, 1813-இல் ஏற்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலையிலோ அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து முத்திரையிடப்பட்ட பிறகே விற்பனைக்கு வரவேண்டும் என்பது சட்டம். கிரீடத்தின் கீழ்ப் பின்னிய ஜி.பி. எழுத்துக்களும், கிரீடத்தோடு கூடிய வி எழுத்தும் லண்டனைச் சேர்ந்தவை, பி.பி., பி.வி. என்பவை பர்மிங்காமைச் சேர்ந்தவை. கார்டைட் என்ற சொல்லும், 70 என்றும் 480 என்றும் இரண்டு எண்களும் இருக்குமானால், 70 கிரெய்ன் கார்டைட்டும் 480 கிரெய்ன் குண்டும் அதற்கு உரியவை என்று பொருள். இந்த எண்கள் வெறும் எச்சரிக்கையல்ல. இரட்டைக் குழல் ரைஃபிளில் இரு குழல்களும் இணைகோடுகளாக இருப்பதில்லை; இரண்டு குண்டுகளும் ஓரிடத்தில் விழும்படியாக, தேர்ந்த கம்மியன் ஒருவன் சுட்டுச் சுட்டுப் பார்த்துக் குழல்களைச் சாய்த்து வைத்துப் பற்றவைக்கிறான். எந்த மருந்தையும் குண்டையும் வைத்து அவன் சரிபார்த்தானோ, அவற்றை மாற்றினால் இடக்குழலும் வலக்குழலும் ஆளுக்கொரு திசையில் போகும்.

குழல்கள் கையிலிருக்கும்போதே இன்னொரு பரீட்சையையும் செய்துவிடு. அடியிலுள்ள கொக்கியில் விரலை மாட்டி அவற்றைத் தொங்கவிட்டு, மண்பானை வாங்குகிற பெண்கள் தட்டிப் பார்ப்பதுபோல, விரல் கணுவால் மெல்லத் தட்டு. கணீரென்று நாதம் நீண்டால் குழல்களை இணைக்கும் பட்டைகள் உறுதியாகப் பற்றியிருக்கின்றன; சத்தம் மொத்தென்று அடங்கினால் பற்று எங்கோ விட்டிருக்கிறது. இந்தப் பழுதுக்கு அடிக்கடி காரணமாவது பளபளப்பு ஆசை. குழலின் கருமை பழைய முறையில், இலேசாகத் துருவேற்றி, வெந்நீரில் கொதிக்க வைத்து, தேய்த்து, மறுபடி துருவேற்றி, இப்படிப் பல தடவை செய்து உண்டாக்கப்பட்டது. அதில் ஒரு மங்கலான சாந்தம் இருக்கும். இக்காலத்துப் பட்டறைக்காரன் கொதிக்கும் காரக் கரைசலில் ஒரே முக்கில் கறுப்பாக்கித் தந்துவிடுவான், கண்ணாடிபோல மின்னும், ஆனால் அந்தக் காரம் பட்டைகளைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றை அரித்துவிடும். ஆகவே நூறு வருஷத்து இரட்டைக் குழல் புதிதாய் மின்னுமானால், நீ மகிழ்ச்சியடையாமல் சந்தேகப்படு.

குழலின் உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிடித்து இரு முனைகளிலிருந்தும் பார். வேட்டைக்காரன் யோக்கியனா, சோம்பேறியா என்பது அங்கே தெரிந்துவிடும். அக்காலத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது உப்பாகக் குழலில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைப்பதில்லை, வெந்நீர்தான் கரைக்கும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் ஊற்றித் துடைத்து, பிறகு எண்ணெயிட்டவன் துப்பாக்கி நீலகிரி மழைக்கும் தப்பி, இன்றும் கூரான புரிகளோடு இருக்கும். எண்ணெயை மட்டும் தடவி மூலையில் சாய்த்தவன் துப்பாக்கியில் அம்மைத் தழும்புகள் நிறைந்திருக்கும். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் புரிகள் தேய்ந்து வழவழப்பாயிருந்தால் அது கார்டைட்டின் உஷ்ணம் செய்த வேலை. ஆதியில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 பங்கு இருந்தது. அதன் கொதிப்புக்கு எஃகும் இளகும். குன்னூருக்கு அப்பால் ரெயில் பாதையில் வருகிற அரவங்காட்டுத் தொழிற்சாலை, இந்த நூல் போன்ற மருந்தைச் செய்வதற்காகத்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது.

இனிக் கட்டையும் பூட்டும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை மூடி, பக்கவாட்டில் அசைத்துப் பார்; கீலில் ஆட்டமிருந்தால் மிகவும் உழைத்த துப்பாக்கி. திருகாணிகளின் தலையைப் பார்க்க மறந்துவிடாதே. லண்டன் கம்மியர்கள் திருகாணியின் வெட்டுக்களெல்லாம் குழல் வாட்டத்துக்கு நேராக நிற்கும்படி அமைத்தார்கள். அந்த வெட்டுக்கள் திசைக்கொன்றாகத் திரும்பி, ஓரங்கள் சிதைந்திருந்தால், தகுந்த ஆயுதமில்லாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. பூட்டின் எஃகில் ஆதியில் நீலமும் பழுப்புமாக ஓடிய வர்ணங்கள் கையுராய்ந்து சாம்பல் நிறமாக மாறியிருப்பது இயற்கை. அதை வருத்தமாக எண்ணாதே. கட்டையில் கைபிடிக்கிற இடத்துக் கட்டச் செதுக்கல்கள் மழுங்கியிருப்பதும், துப்பாக்கி தூக்கி வந்த ஆள் தோளில் சாய்த்த இடத்தில் குழலின் கருமை தேய்ந்திருப்பதும் அப்படியே. இந்தத் தேய்மானமெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறதா என்பதே கேள்வி. குழல் தேய்ந்து, கட்டை மட்டும் புதிதாயிருந்தால் கட்டை மாற்றப்பட்டது. செதுக்கல் கூராகவும் பக்கத்து மரத்தில் ஆழமான கீறல்களும் இருந்தால் செதுக்கல் பின்னால் வெட்டப்பட்டது. பூட்டுக்குப் பின்னால் மரம் கறுத்து எண்ணெய் ஊறியிருந்தால் அங்கே மயிர்போல ஒரு வெடிப்பு இருக்கலாம். பெரிய தோட்டாவின் உதைப்பு முழுவதையும் வாங்குவது அந்த இடந்தான்.

தோல்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்மூடியிலுள்ள சீட்டில் ரிக்பி கம்பெனியின் செயின்ட் ஜேம்ஸ் வீதி விலாசம் இருந்தால் அது முற்காலத்தது. சாக்வில் வீதி விலாசம் பிற்காலத்தது. 1907-க்கு முந்திய துப்பாக்கி சாக்வில் வீதிச் சீட்டுள்ள பெட்டியில் படுத்திருந்தால், இருவரும் வழியில் சந்தித்துக்கொண்டவர்கள். பெட்டிக்குத் தனி விலை பேசு. மழைக்காலத்தில் துப்பாக்கியைத் தோலுக்குள் வைத்துப் பூட்டிவிடாதே. தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிரயம் நிர்ணயிக்கும்போது லண்டன் ஏலத்தில் இன்ன தொகைக்குப் போயிற்று என்று விற்கிறவர் கணக்குச் சொன்னால் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அதை மறந்துவிடு. இங்கே வாங்கக்கூடியவர் யார் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பாட்டனார் சொத்தாக வந்தாலும் எண்ணிக்கை அதுவே. உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாகையால், இது கடைசி இடம். சுமாரான ஒன்றால் அதை நிரப்பிவிடாதே. வேட்டையோ 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சுடுவதற்கு உதவுமா என்பதைவிட, கம்பெனியிலிருந்து புறப்பட்ட நாளில் எந்தெந்த அங்கங்கள் சேர்ந்திருந்தனவோ அவையே இன்றும் சேர்ந்திருக்கின்றனவா என்பதே உன் பணத்துக்குரிய விஷயம். மாற்றாத தேய்ந்த துப்பாக்கிக்கு விற்கிறவர் கேட்கிற விலையைக் கொடுக்கலாம். புதுப்பித்த அழகிக்குப் பாதிகூட வேண்டாம்.

தனி மனிதர் தம் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்பதாயின், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுத்து மூலம் அறிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். உன் லைசென்ஸிலும் இந்த ஆயுதத்துக்கு இடம் பெற்றிருக்க வேண்டும். அந்த நாட்களைச் சும்மா கழிக்காதே. லண்டன் கம்பெனியாருடைய பழைய பேரேடுகளில் எந்த எண்ணுள்ள துப்பாக்கி எந்த வருஷம், எந்த அளவில், யாருக்கு விற்கப்பட்டதென்று எழுதியிருக்கும்; கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். அவர்களுக்கு எழுதும்போது விசைக்காப்பு வளையத்தில் உள்ள எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், குழல்களின் அடியிலும் முன்கட்டை இரும்பிலும் உள்ள எண்களையும் பார்த்து எழுது. ஒன்றுக்கொன்று வேறாயிருந்தால் வேறாயிருக்கிறதென்றே எழுது.


உன் பெரியப்பா