வாயில்லா ஜீவன்களும் நம் ஸதகாவும்: பிராணி வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும் செய்ய வேண்டியவை
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம், ஆழ்வார்திருநகரி)



எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதர சகோதரிகளே!

வீட்டில் பூனையோ ஆடோ மாடோ கோழியோ வளர்ப்பவர்கள் நம்மில் பலர். வயலுக்கும் கிடைக்கும் காவலாக நாய் வைத்திருப்பவர்களும் உண்டு. கால்நடை மருத்துவம் படித்த பிள்ளைகளும் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள். ஆதரவற்ற பிராணிகளைக் காப்பாற்றும் தர்ம அமைப்புகளுக்கு இவர்கள் எப்படித் துணை நிற்கலாம் என்பதே இன்றைய தலைப்பு. "மனிதனுக்கே வழியில்லாதபோது பிராணிக்கு என்ன தர்மம்?" என்று சிலர் கேட்கலாம். இதே போன்ற கேள்வியை ஸஹாபாக்களே கேட்டிருக்கிறார்கள். அதற்கு நபியவர்கள் பதிலும் தந்திருக்கிறார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பூமியில் நடமாடும் பிராணிகளும் சிறகடிக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆமின் 38வது வசனத்தில் அல்லாஹ் உணர்த்துகிறான். அவற்றின் ரிஸ்க் தன் பொறுப்பில் இருப்பதாக ஸூரா ஹூதின் 6வது வசனத்தில் சொல்கிறான். அந்த ரிஸ்க்கை அவன் சில நேரம் நம் கைவழியாகவே அனுப்புகிறான்.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாயைக் கண்ட மனிதர், கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். இதைக் கேட்ட ஸஹாபாக்கள், பிராணிகள் விஷயத்திலுமா எங்களுக்குக் கூலி உண்டு என்று வியந்து கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு என்பது நபியவர்களின் பதிலின் கருத்து (புகாரி, முஸ்லிம்).

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு பெண் பூனையை அடைத்து வைத்தாள். தானும் உணவு தரவில்லை, அது வெளியே போய்த் தேடித் தின்னவும் விடவில்லை. அது செத்தது. அதற்காக அவள் வேதனைக்கு ஆளானாள் (புகாரி, முஸ்லிம்). அவள் மீதான குற்றச்சாட்டு இரண்டு: கொடுக்கவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ஹிஜ்ரி 660இல் மறைந்தவர்கள்) மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தம் நூலில் வரிசைப்படுத்துகிறார்கள். வயதாகி, நோயுற்று, அதனால் ஒரு பயனும் இல்லை என்றான பின்பும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. சுமக்க முடியாததைச் சுமத்தக் கூடாது என்பது மற்றொன்று. 750 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஃபிக்ஹில் எழுதப்பட்டுவிட்ட சட்டம் இது.

நம் ஆற்றங்கரை தந்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மால் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் என்று ஆற்றோரமெங்கும் வீடுகளும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் தவித்தார்கள். மனிதர்களைக் காக்கப் படகுகள் வந்தன, ஹெலிகாப்டர்கள் வந்தன.

தொழுவத்தில் கட்டிக் கிடந்தவற்றின் நிலை என்ன? ஏராளமான ஆடு மாடுகளும் கோழிகளும் போயின. நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உயிர் பிழைப்பதே அப்போது அவர்கள் மீதிருந்த கடமை. ஆனால் அடுத்த வடகிழக்குப் பருவமழை நிச்சயம் வரும். அதற்கு முன்பே யார் வீட்டில் எத்தனை கால்நடை, அவற்றை ஓட்டிச் செல்ல எது மேட்டு நிலம், கயிற்றை அவிழ்த்துவிட யார் வருவார் என்று யோசித்து வைக்காமல் இருந்தால், அது நம் மீதுள்ள குறைதான். தீவனம் கொடுத்து வளர்க்கிறோம், சரி. அவிழ்ப்பதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

தமிழ்நாட்டின் பெரிய பிராணி நல அமைப்பு ஒன்று வெள்ளத்தில்தான் பிறந்தது. 1959இல் சென்னையில் பெருமழை. தியாகராய நகரில் தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் குடும்பம் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. 1964இல் அது பதிவு பெற்றது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அவர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்தினார்கள். 1996இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்றது. பிற்பாடு அதுவே நாட்டின் சட்ட விதியாக ஆனது. இன்று நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டின் விதிகள்.

இவர்கள் நம் மார்க்கத்தவர்கள் அல்ல. ஆனாலும் நன்மையான காரியத்தில் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது ஸூரத்துல் மாயிதாவின் 2வது வசனம் தரும் கட்டளை. மக்காவில் நுபுவ்வத்துக்கு முன்பு நடந்த ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தை, பின்னாளிலும் அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று நபியவர்கள் சிலாகித்துச் சொன்னதை நாம் அறிவோம்.

நம் முன்னோர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் பூனைகளுக்காக ஒரு தோட்டத்தையே விட்டுச் சென்றதாக, 1830களில் அங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன் எழுதியிருக்கிறார். இஸ்தான்புல்லின் பழைய பள்ளிவாசல் சுவர்களில் சிட்டுக்குருவிகளுக்காக உஸ்மானியர்கள் செதுக்கிய கல்வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

பிராணி வளர்ப்போர் செய்ய வேண்டியவை

1. கைவிடாதீர்கள். காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு ஒரு பெரிய காரணம், வளர்த்தவர்களே கொண்டுபோய் விடுவது. பூனை குட்டி போட்டதும் சாக்கில் கட்டி ஆற்றோரத்தில் விடுவது, கிழட்டு மாட்டை அவிழ்த்து ரோட்டில் துரத்துவது ஆகியவை பாவம் என்பதை உணருங்கள். கைவிடாமல் இருப்பதே காப்பகத்துக்கு நீங்கள் தரும் முதல் நன்கொடை.

2. சிறிதானாலும் தொடர்ந்து கொடுங்கள். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படுவது என்பது ஹதீஸ் தரும் பாடம் (புகாரி, முஸ்லிம்). ஒருமுறை 5,000 ரூபாய் கொடுத்து மறந்துவிடுவதைவிட, மாதம் 100 ரூபாய் தவறாமல் கொடுப்பது காப்பகம் நடத்துபவருக்கு உதவும். தீவனக் கடைக்கு அவர் மாதா மாதம் பணம் கட்ட வேண்டியிருக்கிறதே!

3. பொருளாகவும் கொடுக்கலாம். பழைய போர்வை, சாக்கு, செய்தித்தாள், நல்ல நிலையிலுள்ள கூண்டு, காலாவதியாகாத தீவனம் எல்லாம் பயன்படும். ஆனால் வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம், உயிரையே எடுத்துவிடும்.

4. உழைப்பைக் கொடுங்கள். ஆட்டோ வைத்திருப்பவர் அடிபட்ட ஒரு பிராணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். தாயற்ற பூனைக்குட்டியைத் தானாக உண்ணும் வரை ஒரு வீடு வைத்து வளர்த்துக் கொடுக்கலாம். கோடையில் வாசலில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைப்பதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

5. அமானிதத்தை விசாரியுங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அமைப்பு அதன் அங்கீகாரம் பெற்றதா, கணக்கு காட்டுகிறதா, ரசீது தருகிறதா என்று கேளுங்கள். கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, யாரென்று தெரியாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள்.

கால்நடை மருத்துவர்கள் செய்ய வேண்டியவை

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்று நபியவர்கள் அறிவித்தார்கள் (புகாரி). அந்த நிவாரணத்தைத் தேடித் தரும் கல்வியை மருத்துவருக்கு அல்லாஹ் தந்திருக்கிறான். கல்விக்கும் ஜகாத் போல ஒரு பங்கு உண்டு என்று பெரியோர்கள் சொல்வார்கள்.

மாதத்தில் ஓர் அரைநாளைக் காப்பகப் பிராணிகளுக்கு ஒதுக்குங்கள். முழுக்க இலவசம் முடியாவிட்டால் மருந்துச் செலவை மட்டும் வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்த ஜமாஅத் முன்வந்தால் வழிகாட்டுங்கள். தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் வைத்துப் போட்டால் ஊசி போட்டதாகப் பெயர் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. இது போன்றவற்றை ஆர்வமுள்ள இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் (அபூதாவூத்) இங்கேயும் பொருந்தும். நல்ல மனது மட்டும் இருந்து, ஊசி போடத் தெரியாதவரிடம் பிராணியை ஒப்படைப்பது தர்மமாகாது.

உங்கள் மருத்துவமனைச் சுவரில், வீடு தேடும் பிராணிகளின் விவரத்தை ஒட்டி வையுங்கள். வளர்க்க விரும்புகிறவர் முதலில் வருவது உங்களிடம்தான். மழைக்காலத்துக்கு முன் தொண்டை அடைப்பான், கோமாரி நோய்களுக்கான தடுப்பூசியை நினைவூட்டுங்கள்.

மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: கால்நடைகளுக்கான அரசு நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சில மஸ்அலாக்கள்

ஜகாத் பணத்தைப் பிராணிகள் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா? கூடாது. ஜகாத் யாருக்கு என்பதை ஸூரத்துத் தவ்பாவின் 60வது வசனம் எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. காப்பகத்துக்கு உபரியான ஸதகாவிலிருந்து கொடுங்கள். அதேநேரம், வெள்ளத்தில் ஒரே ஆட்டையும் இழந்து நிற்கும் ஏழை முஸ்லிமுக்கு ஜகாத் கொடுத்து, அவர் அதில் ஆடு வாங்கிக்கொண்டால் அது கூடும்.

பூனை நஜீஸா? இல்லை. அபூகதாதா ரளியல்லாஹு அன்ஹு அவர்கள், தமக்கு வைத்த ஒளூத் தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது நம்மைச் சுற்றித் திரியும் ஜீவன், அசுத்தமல்ல என்ற நபிமொழியையும் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி).

நாய்க்கு உதவலாமா? தாராளமாக உதவலாம். வேட்டை, கால்நடை, விவசாயக் காவல் போன்ற தேவைகளின்றி வீட்டில் நாய் வளர்ப்பதைத்தான் ஹதீஸ் தடுக்கிறது. அதற்கு இரக்கம் காட்டுவதை அல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். கையுறை அணிந்தால் சிரமம் குறையும். மக்கா வெற்றிக்குப் படை சென்றபோது, வழியில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாயை யாரும் தொந்தரவு செய்யாதிருக்க நபியவர்கள் ஒரு தோழரைக் காவல் நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ பதிவு செய்கிறார்.

கருத்தடை கூடுமா? பயன் இருந்தால் கூடும் என்பது ஹனஃபி மத்ஹப். ஷாஃபிஈ மத்ஹபில் கட்டுப்பாடு அதிகம். எனினும் மக்களுக்கும் பிராணிக்கும் வரும் தீங்கைத் தடுக்க, கொல்வதைவிட இது இலேசானது என்று இக்கால அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள்.

பிராணிக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று பிள்ளைகளின் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது. நாய் கடித்தால் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் முற்றியபின் மருந்தில்லை.

நம் ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, ஐப்பசி பிறக்கும் முன் நம் மஹல்லாவில் உள்ள கால்நடைகளின் பட்டியலை இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று எழுதட்டும். பக்கத்துத் தெருவில் உள்ள மாற்று மதச் சகோதரர்களின் மாடுகளையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளம் வீடு பார்த்து வருவதில்லை. இரண்டாவது, மேட்டு நிலம் ஒன்றை ஊராரோடு பேசி முடிவு செய்யுங்கள். மழை வலுக்கும் முதல் நாளிலேயே அவிழ்த்து ஓட்டிவிட வேண்டும். மூன்றாவது, பிராணிகளுக்கான ஸதகாவைத் தனிக் கணக்கில் வாங்கி, வரவு செலவை அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

இந்த உரையை இணையத்தில் வாசிக்கும் சகோதரர்களே! நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் ஊரில் இந்தப் பணியைச் செய்பவர் யார் என்று இந்த வாரத்துக்குள் விசாரித்து, ஒரு சிறு உதவியையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். தனக்கு என்ன வலிக்கிறது என்று வாயால் சொல்ல முடியாத ஒன்றின் வலியை நீங்கள் தீர்த்தால், அது உங்களுக்கு நன்றி சொல்லாது. சாட்சி சொல்ல அல்லாஹ் போதுமானவன்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் உன் படைப்புகள் மீது இரக்கத்தைப் போடுவாயாக! எங்கள் பொறுப்பில் உள்ள எந்த உயிருக்கும் அநீதம் செய்யாமல் எங்களைக் காப்பாயாக! வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக! மழையை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.