கற்பிட்டிக் கரையில் வரையப் போகும் பிள்ளைகளுக்கு

"தனியாகப் போய் இருந்தால் படம் தானாக வருமா, சேர்?" என்று பழகும் பிள்ளைகள் கேட்பார்கள். வராது. தனிமையில் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். கண்ணை நாம்தான் பழக்க வேண்டும். புத்தளக் கரையில் வரைய வருகிறவர்களுக்கு நான் சொல்பவை இவை.

1. ஒரு கரையைத் தெரிவு செய்யுங்கள். கற்பிட்டி ஒடுங்கி நீண்ட நிலம். சூரியன் களப்புப் பக்கம் எழும்பிக் கடல் பக்கம் விழும். சைக்கிள் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். அதனால்தான் பலர் இரண்டையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் மாதம் களப்போடு மட்டும் இருங்கள். அலை அடங்கிய தண்ணீரில் நிறம் மெதுவாக மாறும். பழகும் கண்ணுக்கு அதுதான் நல்லது.

2. பொழுது சாய்வதை இப்போதைக்கு விடுங்கள். அந்தச் சிவப்பு எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. நடுப்பகலில் பாலாவிப் பக்கம் உப்பளங்களுக்குப் போங்கள். குவித்திருக்கும் உப்பைக் கண்டதும் வெள்ளைச் சாயத்தை எடுக்க வேண்டாம். நிழல் விழுந்த பக்கத்தில் நீலம் பாய்ந்திருக்கும். அடியில் பாத்திச் சேற்றின் பழுப்பு ஏறியிருக்கும். வெயில் நேரே படும் விளிம்பு மட்டும்தான் வெள்ளை. அங்கே தாளைப் பூசாமல் விட்டாலே போதும்.

3. கச்சான் காற்றோடு சண்டை பிடிக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று விடாமல் வீசும். தாள் பறக்கும், ஈரச் சாயத்தில் மணல் ஒட்டும். நீர்வர்ணத்தை வீட்டில் வைத்துவிட்டுச் சிரட்டைக்கரியும் தடித்த தாளும் கொண்டு போங்கள். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் மேற்குக் கரை மீனவர் பலர் தொழிலுக்குக் கிழக்குக் கரைக்குப் போவார்கள், வாடிகள் வெறிச்சோடும். ஒதுங்கி இருந்து வரைய ஏற்ற காலம் அது. காற்றை வரைய முடியாது. தென்னோலையை அது ஒரே பக்கம் வளைத்து வைத்திருப்பதை வரையலாம். எந்தக் காலத்திலும் தூரிகையைக் கடல்நீரில் நனைக்காதீர்கள். தாளில் இறங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

4. கண்டல் காட்டைப் பின்னணியாக மட்டும் நினைக்காதீர்கள். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தில் இயேசுவின் சிலுவைச் சாவைத் தீட்டிய டேவிட் பெயின்டர், சிலுவையைக் கண்டல் சதுப்பில் நிறுத்தினார். எருசலேமின் துயரத்துக்கு நம் ஊர்ச் சேறே அவருக்குப் போதுமாக இருந்தது. கண்டலை வரையும்போது வேர்களை ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். வேர்களுக்கு இடையே தெரியும் தண்ணீரின் வடிவங்களை வரையுங்கள். வேர் தானாக வந்து நிற்கும்.

5. நினைவிலிருந்தும் வரையுங்கள். ஐவன் பீரிஸ் 1921இல் தெஹிவளையில் பிறந்தவர். 1943இல் கொழும்பில் தொடங்கிய 43 குழுவின் ஓவியர். வாழ்வின் பிற்பாதியை இங்கிலாந்தில் கழித்து, 1988இல் மறைந்தார். அங்கே சவுத்தென்ட் என்ற கரையோர ஊரில் இருந்துகொண்டு அவர் திரும்பத் திரும்பத் தீட்டியது இலங்கைக் கடற்கரையைத்தான். அந்தப் படங்களில் ஓரிரு உருவங்களும் ஒரு மரமும் நீர்க்கோடுமே கரையைத் தாங்கி நிற்கும். தேவையற்றதை எல்லாம் தூரம் கழித்துவிட்டது. நீங்களும் காலையில் பார்த்ததை அன்றிரவு, குறிப்பேட்டைத் திறக்காமல் வரைந்து பாருங்கள். மறந்துபோனவற்றில் பெரும்பாலானவை படத்துக்கு வேண்டாதவையாகத்தான் இருக்கும்.

6. ஒதுங்குங்கள், ஒளிந்துகொள்ளாதீர்கள். ஜஸ்டின் தெரணியகல ஐரோப்பாவில் பயின்று வந்து, பஸ்யாலையில் குடும்பத் தோட்டத்தில் ஒதுங்கி வரைந்தவர். ஆனாலும் 43 குழுவின் கண்காட்சிகளில் அவருடைய ஓவியங்கள் இருந்தன. தனியே வரைந்ததைப் பிறர் முன் வைப்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.

7. கரையில் நிற்பவர்களிடம் காட்டுங்கள். கரைவலை இழுப்பவர்களை வரைய முன் அவர்களிடம் கேளுங்கள். வரைந்த பின் காட்டுங்கள். "வடிவா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "என்ன பிழை?" என்று கேளுங்கள். கொடி ஒரு பக்கம் பறக்க, தென்னை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். மறுநாள் திருத்திக்கொண்டு போய், அதே ஆட்களிடம் மறுபடி காட்டுங்கள்.