வெடிப்புக் காப்புக் காமிரா: அமைப்பும் பராமரிப்பும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தார்க்கு 2023-ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு ஜூலை 29-இல் கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கொன்று வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அக்டோபர் 7-இல், ஓசூரை அடுத்து மாநில எல்லைக்கப்பால் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பற்றி, பிழைப்பு நாடிச் சென்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். பட்டாசுக்குத் தனி விதிகள் உள. அவை இப்பாடத்தில் அடங்கா. ஆயினும், எரிபொருளும் பொறியும் சந்திக்கலாகாது என்பது எல்லாத் தொழிற்கும் பொதுவான நீதி.

சூளகிரியைச் சுற்றி இன்று ஆலைகள் பெருகியுள்ளன. மாவிவசாயிகள் எத்திலீன் வாயுவால் காய்களைப் பழுக்க வைக்கின்றனர். சாயப்பட்டறையில் எரிவாயு உருளைகள் உள்ளன. “உருளை அறைக்கும் ஒரு காமிரா வேண்டும்” என்று சங்கத்தார் கேட்பது நியாயமே. ஆனால் சாதாரணக் காமிராவின் தளர்ந்த மின்இணைப்பில் எழும் பொறியே கசிந்த வாயுவைக் கொளுத்திவிடக்கூடும். காவலுக்கு வைத்ததே கேடாய் முடியலாமா?

ஆபத்து எங்கே?

எத்திலீன், காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2.7 பங்கு சேர்ந்தால் வெடிக்கும் நிலை எய்தும். பழுக்க வைக்க அனுமதிக்கப்பட்ட அளவோ பத்து லட்சத்தில் 100 பங்குதான். அஃதாவது இருநூறு மடங்குக்கு மேல் குறைவு. ஆகவே பழுக்கும் அறையினும், உருளையும் குழாய் இணைப்பும் உள்ள இடமே அதிகக் கவனத்துக்குரியது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. தண்ணீர்போல் தாழ்ந்து பள்ளத்தில் தேங்கும்.

இத்தகைய இடங்களை மூன்று மண்டலமாகப் பிரிப்பர். வெடிக்கும் கலவை எந்நேரமும் அல்லது நெடுநேரம் இருப்பது மண்டலம் 0. வழக்கமான வேலையின்போது அவ்வப்போது தோன்றுவது மண்டலம் 1. பழுது நேர்ந்தாலன்றித் தோன்றாததும், தோன்றினும் சிறிது நேரமே நிற்பதும் மண்டலம் 2. இப்பிரிவைத் தகுதி பெற்ற பொறியாளரே வரைந்து தரவேண்டும்.

பெட்டியின் தத்துவம்

1815-இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்க்காக ஒரு விளக்கு செய்தார். சுடரைச் சுற்றிய கம்பிவலை, வெளியேறும் சுடரின் வெப்பத்தைக் கவர்ந்து அதைத் தணித்தது. ‘ஃபிளேம்புரூஃப்’ பெட்டியும் அத்தகையதே. வாயு உட்புகாது என்று எண்ணற்க, புகும். உள்ளே வெடித்தாலும் பெட்டி உடையாது. மூடிக்கும் உடலுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடுக்கின் வழி வரும் சுடர், உலோகத்தில் பட்டுக் குளிர்ந்துவிடும். இவ்விடுக்கே பெட்டியின் உயிர்நிலை.

வாங்குமுன்

முதற்கேள்வி: காமிராவை ஆபத்து மண்டலத்துக்கு வெளியே வைத்தே பார்க்க இயலுமா? இயலுமெனில் அதுவே உத்தமம், செலவும் குறைவு.

இயலாதெனில், பெட்டியின்மேல் உள்ள குறிகளைப் படிக்க. சமையல் எரிவாயுவுக்கு இரண்டு-ஏ தொகுதி போதும். எத்திலீனுக்கு இரண்டு-பி வேண்டும். ஹைட்ரஜன், அசிட்டிலீனுக்கு இரண்டு-சி. மேல்தொகுதிப் பெட்டி கீழ்த்தொகுதிக்கு ஆகும், மறுதலையாக ஆகாது. வெப்ப வகுப்பும் உண்டு: டி-6 எனில் மேற்பரப்பு 85 பாகை சென்டிகிரேடுக்கு மேற்படாது, டி-4 எனில் 135 பாகை.

சான்றிதழ் எண்ணின் இறுதியில் ‘யு’ என்றிருந்தால் அது உறுப்புக்கு மட்டும் தந்த சான்று. அத்தகைய வெற்றுப் பெட்டியில் கடைக் காமிராவை வைத்துத் திருகினால் அது வெடிப்புக் காப்புக் காமிரா ஆகாது. ‘எக்ஸ்’ என்றிருந்தால் தனி நிபந்தனைகள் உள என்று பொருள். அவற்றைக் கேட்டுப் பெறுக. நாகபுரியில் தலைமையகம் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் அனுமதியையும் கேட்க.

பொருத்தும் முறை

கேபிள் நுழையும் வாயில் சான்று பெற்ற ‘கிளாண்ட்’ இருத்தல் வேண்டும். பயன்படாத துளையைச் சான்று பெற்ற அடைப்பானால் மூடுக. துணியோ மெழுகோ ஆகாது. எல்லாப் போல்ட்டுகளும் முறைப்படி இறுக்கப்படல் வேண்டும். ஒன்று குறையினும் காப்பு இல்லை. எர்த் இணைப்பு இன்றியமையாதது.

பராமரிப்பு

1. மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியில் குறித்துள்ள நேரம் கழிந்த பின்னரே திறக்க. வாயு இல்லை என்று கருவியால் அறிந்தே வேலை தொடங்குக.

2. மூடியின் பொருந்துமுகத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கலாகாது, வர்ணம் பூசலாகாது, தாமாக ரப்பர் வளையம் இடலாகாது. தயாரிப்பாளர் கூறிய கிரீஸ் மட்டும் தடவுக.

3. கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க. உலர்துணி நிலைமின்சாரம் உண்டாக்கும். கண்ணாடி கீறினால் கடைக் கண்ணாடி மாற்றற்க.

4. மாம்பருவம் தொடங்குமுன் ஒருமுறை பார்வையிட்டு, கண்டதைப் பதிவேட்டில் எழுதுக. நிபுணர் ஆலோசனையின்றி இரு சோதனைகட்கு இடையே மூன்றாண்டு கடக்கலாகாது.

இறுதியாக ஒன்று. காமிராவுக்குக் கண் உண்டு, மூக்கு இல்லை. கசிவை அறிய வாயுக் கருவியும், அதைப் போக்கக் காற்றோட்டமும் முதலில் வேண்டும். காமிராவின் நன்மை, ஆள் அடிக்கடி உள்ளே செல்லாதிருத்தலே. நிர்வாகக் குழு குறைந்த விலை டெண்டரை ஏற்குமுன், அவ்வறையின் கதவைத் திறப்பவர் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன் என்பதை நினைவிற் கொள்வதாக.

வினாக்கள்

1. இரண்டு-ஏ பெட்டியை எத்திலீன் உருளை அறையில் வைக்கலாமா? ஏன்?

2. பொருந்துமுகத்தைத் தேய்ப்பதால் வரும் தீங்கு யாது?

3. உங்கள் சங்கத்தில் காமிராவை வெளியே வைத்தே பார்க்கத்தக்க இடங்கள் எவை?