ஆச்சிக்கு ஒரு டொராண்டோ கையேடு
(ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல்: ஒரு செயல்திட்ட அனுபவம்)

ஏழாம் வகுப்பில் வட அமெரிக்கா பாடம் நடத்தும்போது ஏரிகள், சமவெளிகள், நகரங்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். மாணவர்கள் வரைபடத்தில் குறிப்பார்கள், தேர்வில் எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் நடமாடும் தெருக்கள் இருக்கின்றன என்பதை உணரச் செய்வது எப்படி? எங்கள் பள்ளியில் செய்துபார்த்த செயல்திட்டம் ஒன்றை ஆசிரியர் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தி கனடாவின் டொராண்டோ நகரில் இருக்கிறார். அவருடைய பேறுகாலத்துக்கு உதவ, மாணவியின் ஆச்சி ஜனவரியில் புறப்படுவதாக இருந்தது. ஆச்சி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. அவர் கையில் கொடுக்க எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை வகுப்பே சேர்ந்து எழுதுவது என்று முடிவு செய்தோம். ஐந்து பாடவேளைகள் எடுத்துக்கொண்டோம்.

ஒரே ஒரு விதி

முதல் வரைவில் மாணவர்கள் எழுதியவை நாம் எதிர்பார்ப்பவைதாம். "டொராண்டோ ஒன்டாரியோ மாகாணத்தின் தலைநகரம். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 27,94,356. சி.என். கோபுரத்தின் உயரம் 553 மீட்டர்." எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் விமான நிலையத்தில் இறங்கி நிற்கும் ஆச்சிக்கு இவற்றால் என்ன பயன்?

எனவே கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன்: "இந்த வரியைப் படித்தபின் ஆச்சி என்ன செய்வார்?" பதில் சொல்ல முடியாத வரியை அடித்துவிட வேண்டும். இதுதான் விதி.

மக்கள்தொகை வரி முதலில் போனது. அதற்கு அடுத்த வரி, நகரத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் வேறு நாடுகளில் பிறந்தவர்கள் என்பது. அதையும் அடிக்கப் போனபோது ஒரு மாணவன் தடுத்தான். "அது இருக்கட்டும் டீச்சர். நாம இங்கிலீஷ் தப்பா பேசினாலும் அங்க யாரும் ஆச்சரியமா பார்க்க மாட்டாங்கன்னு ஆச்சிக்குத் தெரியும்ல?" வகுப்பு ஒப்புக்கொண்டது. ஒரு புள்ளிவிவரம் எப்போது பயனுள்ளதாகிறது என்பதை அவன் எல்லோருக்கும் விளக்கிவிட்டான்.

குழுவேலை: நான்கு கட்டங்கள்

குழுக்களுக்கு ஒரே அட்டவணையைக் கொடுத்தேன். இங்கே எப்படி, அங்கே எப்படி, ஏன், என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கட்டங்கள். நாம் யோசிக்காமலே செய்யும் பழக்கம் எது, அது அங்கே எங்கே நம்மை ஏமாற்றும் என்று தேடுவதே வேலை. "ஏன்" என்ற கட்டம் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாடப்புத்தகத்தைத் திறக்க வைத்தது. கையேட்டில் இடம்பெற்றவற்றில் முக்கியமானவை இவை.

சாலையைக் கடத்தல்: நாம் முதலில் வலப்புறம் பார்த்துப் பழகியவர்கள். கனடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்கின்றன. எனவே அருகில் வரும் வண்டி இடப்புறமிருந்து வரும். முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தடை அறிவிப்பு இல்லாத சந்திப்புகளில், சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டிகள் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். ஆகவே நடப்பதற்கான விளக்கு எரியும்போதும் திரும்பும் வண்டியைக் கவனித்தே கால் வைக்க வேண்டும். இதைப் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடித்துப் பார்த்தோம். பாதிப்பேர் தலையைத் தவறான பக்கம் திருப்பினார்கள். பழக்கம் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திசை: சென்னையில் கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. டொராண்டோவில் ஏரி இருக்கும் பக்கம் தெற்கு. ஒன்டாரியோ ஏரியை ஏரி என்று சொன்னதும் நம் ஊர்க் குளத்தை நினைக்கக் கூடாது; சாதாரண நாள்களில் மறுகரை கண்ணுக்குத் தெரியாது. அக்கரையின் பெரும்பகுதி அமெரிக்கா. நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரிப்பது யங் தெரு. குறுக்கே செல்லும் பல தெருக்களின் கதவு எண்கள் அந்தத் தெருவிலிருந்து இருபுறமும் தொடங்குகின்றன. அதனால் 'கிங் தெரு கிழக்கு, 100' வேறு. 'கிங் தெரு மேற்கு, 100' வேறு. முகவரியில் திசையை விட்டுவிட்டால் வேறொரு வாசலில் போய் நிற்க நேரும்.

குளிர்: ஜனவரியில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ −4 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் 28 டிகிரி என்றால் வேறுபாடு எவ்வளவு? முழுக்களின் கழித்தலில் தடுமாறும் மாணவர்களும் 32 என்று உடனே சொன்னார்கள். காற்று வீசும்போது உடல் வெப்பம் விரைவாக வெளியேறுவதால் குளிர் இன்னும் கூடுதலாகத் தெரியும். ஒரே தடித்த ஆடையைவிட, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துணி நல்லது. இடையில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாமல் காக்கும். வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடுவதால் தோல் வறண்டுபோகும். தேங்காய் எண்ணெய் அங்கேயும் உதவும். பனி இறுகிய நடைபாதையில் செருப்பு கூடாது. பிடிப்புள்ள காலணியோடு சிறுசிறு அடியாக வைத்து நடக்க வேண்டும்.

பகல்: டொராண்டோ ஏறத்தாழ 44 டிகிரி வடக்கு அட்சத்தில் உள்ளது. டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரம்தான்; ஜூன் கடைசியில் 15 மணி நேரத்துக்கும் மேல். ஆச்சி போகும் ஜனவரியில் மாலை 5 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். நடைப்பயிற்சியை நண்பகலில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினோம்.

கடை: விலைச்சீட்டில் இருப்பது முழு விலை அன்று. பெரும்பாலான பொருள்களுக்கு 13 விழுக்காடு வரி, பணம் கட்டும் இடத்தில்தான் சேரும். அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுப்பொருள்களுக்கு இந்த வரி இல்லை. மேலும், ஒரு சென்ட் நாணயத்தை விநியோகிப்பதை 2013-இல் நிறுத்திவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்டுக்கு முழுமையாக்குவார்கள். 7.99 டாலர் பொருளுக்கு வரி 1.04, மொத்தம் 9.03; ரொக்கமாகக் கொடுத்தால் 9.05. அட்டையில் செலுத்தினால் 9.03 மட்டுமே. விழுக்காடு, தசமம், முழுமையாக்கல் மூன்றுக்கும் இந்த ஒரு கணக்குப் போதும்.

மின்சாரம்: நம் வீட்டில் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். இங்கே வாங்கிய மிக்ஸி அங்கே சரியாக ஓடாது. கைப்பேசி மின்னேற்றியில் '100–240' என்று அச்சிட்டிருந்தால், செருகிக்கு மாற்றி மட்டும் போதும். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியர் இதையே கணக்காகக் கொடுக்கலாம்: 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் இஸ்திரிப்பெட்டியின் மின்தடை மாறாது எனக் கொண்டால், 120 வோல்ட்டில் எத்தனை வாட் தரும்? விடை ஏறத்தாழ 272. கால் பங்குக்குச் சற்றே அதிகம்.

பயணம்: பேருந்து, டிராம், சுரங்க ரயில் மூன்றையும் ஒரே நிறுவனம் நடத்துகிறது. அட்டையை ஒருமுறை தட்டினால் 2 மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். சென்னையில் 1953-இல் நின்றுபோன டிராம், அங்கே இன்றும் தெரு நடுவே ஓடுகிறது. சுரங்க ரயில் 1954-இல் வந்தது.

விமான நிலையமும் உடல்நலமும்: போகும் வீட்டின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு தாளில், கைப்பையில் இருக்க வேண்டும். கொண்டுபோகும் உணவுப்பொருள் எதுவானாலும் அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். பழம், பச்சிலை, விதை, இறைச்சி ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. சொல்லாமல் விட்டால்தான் அபராதம். மாத்திரைகள் அவற்றின் அட்டையிலேயே, மருத்துவரின் சீட்டோடு இருக்கட்டும். விருந்தினராகப் போகிறவருக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. புறப்படும் முன்பே காப்பீடு எடுப்பது அவசியம். அவசர உதவிக்கு எண் 911.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கினோம்: ஏரிக்கரை, சி.என். கோபுரம், ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம், நகருக்கு வடக்கே ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் நயாகரா.

ஆச்சி கேட்ட கேள்வி

கையேட்டை எழுதி முடித்ததும் ஆச்சியைப் பள்ளிக்கு அழைத்து, மாணவர்கள் வாசித்துக் காட்டினார்கள். அவர் முகம் சுளித்த இடங்களிலெல்லாம் சொற்களை மாற்றினோம். 'அடுக்காடை' என்பது 'ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று துணி' ஆனது அப்போதுதான். எல்லாம் கேட்டபிறகு அவர் சொன்னார்: "எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க மக்கா. ஆனா மகளும் மருமகனும் அசந்து தூங்குற நேரத்துல, நான் யார்கூடப் பேச?"

எந்தக் குழுவின் அட்டவணையிலும் இந்தக் கேள்வி இல்லை. குளிரைவிட ஆச்சிக்குப் பெரிய கவலை இதுதான் என்பதை வகுப்பு புரிந்துகொண்டது. கையேட்டில் இரண்டு பக்கங்கள் கூடின.

முதல் பக்கம், தொலைபேசி நேரம். நம் நேரக்கோடு 82.5 டிகிரி கிழக்கு. டொராண்டோவின் நேரத்துக்கு அடிப்படையானது 75 டிகிரி மேற்கு. கூட்டினால் 157.5. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 630 நிமிடம், அதாவது 10 மணி 30 நிமிடம். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி மாற்றுவார்கள். எனவே ஆச்சி காலை 8 மணிக்கு அழைத்தால் இங்கே மாலை 6.30, மார்ச் மாற்றத்துக்குப் பின் மாலை 5.30. பேத்தி பள்ளி முடிந்து வீட்டில் இருக்கும் நேரம் அது. நேரக்கணக்கை இவ்வளவு அக்கறையோடு என் மாணவர்கள் அதற்குமுன் போட்டதில்லை.

இரண்டாம் பக்கம், அங்குள்ள தமிழ். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் பெருமளவில் குடியேறிய நகரம் டொராண்டோ. ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்ப் பெயர்ப்பலகை வைத்த கடைகளைக் காணலாம். நகரப் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுவதற்கான தீர்மானத்தைக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் நிறைவேற்றியது. ஆச்சி போய்ச் சேரும் மாதமும் அதுவே. அங்கே கேட்கப்போகும் சொற்களையும் பட்டியலிட்டோம்: 'கதைப்பது' என்றால் பேசுவது, 'வடிவு' என்றால் அழகு, 'கெதியாக' என்றால் விரைவாக, 'பாண்' என்றால் ரொட்டி. வட்டாரச் சொற்கள் குறித்த தமிழ்ப் பாடமாகவும் இது அமைந்தது.

மதிப்பீடு

தாளில் எழுதும் தேர்வு வைக்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஏன்' என்ற கட்டத்தை வாய்மொழியாக விளக்க வேண்டும். ஏரி ஏன் தெற்கு, மிக்ஸி ஏன் ஓடாது, மாலை 5 மணிக்கு ஏன் இருட்டுகிறது என்று காரணம் சொல்ல முடிந்தால் கற்றல் நிகழ்ந்திருக்கிறது. பயணக்கட்டணம் போன்ற அடிக்கடி மாறும் தகவல்களைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதவும், புறப்படும் வாரத்தில் மீண்டும் சரிபார்க்கவும் பழக்கினேன். தகவலுக்கும் ஆயுள் உண்டு என்பது இன்றைய மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்று.

நீங்களும் செய்யலாம்

டொராண்டோதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் வகுப்பில் யாருடைய அப்பா துபாயில் இருக்கிறாரோ, யாருடைய அண்ணன் சிங்கப்பூருக்குப் போகிறாரோ, அந்த ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவர் யார் என்பது மட்டும் வகுப்புக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். முடிந்தால் அவர் நேரில் வந்து கேட்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் நான்கு கட்டங்களைப் படமாக வரையச் சொல்லலாம்.

இதைத் திருப்பியும் செய்யலாம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பெற்றோரோடு வந்து நம் பள்ளிகளில் சேரும் குழந்தைகள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்தான் டொராண்டோ. குடிநீர்த் தொட்டி எங்கே, சத்துணவு வரிசை எப்படி, எந்த மணி எதற்கு, யாரிடம் போய் நிற்கலாம் என்று ஒரு கையேடு எழுதச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையிடமே வாசித்துக்காட்டி, விட்டுப்போனது எது என்று கேட்கச் சொல்லுங்கள்.