உணரும் களி

நுழையும்முன்
தொட்டாற்சிணுங்கி தீண்டலை உணர்ந்து இலை மடக்கும். உயிரற்ற பொருளும் சூழலை உணர்ந்து தன்னை மாற்றிக்கொள்ளுமா? ஜப்பானிய அறிவியலாளர் ஒருவரின் தேடல் இவ்வினாவிற்கு விடை தருகிறது.

நீண்ட பலபடிச் சங்கிலிகள் வலைபோல் பின்னி, இடையே நீரைத் தேக்கிவைத்திருக்கும் மென்பொருளே களி. ஜப்பானின் நாகவோகா நகரில் 1946 இல் பிறந்த தொயோயிச்சி தனாகா, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் களிகளை ஆராய்ந்தார். அசிட்டோனும் நீரும் கலந்த கரைசலில் பாலிஅக்ரிலமைடு களியை இட்டு, அசிட்டோனின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் களி திடீரெனச் சுருங்கி ஒடுங்கியது. நீர் கொதித்து ஆவியாவதைப் போன்ற இந்நிலைமாற்றத்தை 1978 இல் அவர் வெளியிட்டார்.

பின்னர் ஒரு சிக்கல் எழுந்தது. புதிதாகச் செய்த களிகள் திடீரென ஒடுங்கவில்லை, படிப்படியாகவே சுருங்கின. முதற்கண்டுபிடிப்பே பிழையோ என்னும் ஐயம் எழத்தக்க நிலை அது. தனாகா முரண்பாட்டை ஒதுக்கிவிடவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எது எனத் தேடினார். வயதே வேறுபாடு! பழைய களிகள் நெடுநாள் வைக்கப்பட்டவை. அந்நாள்களில் அவற்றின் சங்கிலிகளில் ஒரு பகுதி நீராற்பகுப்படைந்து, மின்சுமையுள்ள அயனித் தொகுதிகள் தோன்றியிருந்தன. களிகளைக் காரக் கரைசலில் வெவ்வேறு நாள்கள் ஊறவைத்து இதனை 1980 இல் உறுதிசெய்தார். ஊறிய நாள்கள் கூடக்கூட ஒடுக்கமும் பெருகியது; பருமன் பல நூறு மடங்கு மாறியது.

வெப்பத்தை உணரும் பலபடிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 32 டிகிரி செல்சியசுக்குக் கீழ் நீரை ஈர்த்து விரியும்; அதற்குமேல் நீரை விலக்கி ஒடுங்கும். ஜப்பானிய ஆய்வாளர் தெருவோ ஒகானோ குழுவினர் இதனைச் செல் வளர்ப்புத் தட்டின்மேல் மெல்லிய படலமாகப் படியவைத்தனர். 37 டிகிரியில் செல்கள் தட்டில் ஒட்டி வளரும். தட்டைக் குளிர்வித்தால் படலம் நீரை ஏற்கும். செல்கள் ஒரே தாளாகக் கழன்று வரும். நொதியிட்டுப் பிரிக்கும்போது நேரும் சிதைவு இதில் இல்லை. நோயாளிகளின் வாயின் உட்தோல் செல்களை இவ்வாறு வளர்த்து, அவர்தம் பழுதுற்ற கருவிழிப்படலத்தின்மேல் பொருத்தியதில் நால்வரின் பார்வை மேம்பட்டது. இதனை ஜப்பானிய மருத்துவர்கள் 2004 இல் வெளியிட்டனர்.

தனாகா 2000 இல், தம் 54 ஆம் வயதில் மறைந்தார். எதிர்பார்த்த விடை கிடைக்காத சோதனையை வீண் என்று தள்ளாமல், அதனிடமே காரணம் கேட்டவர் அவர். அவ்வினாவே களியின் இயல்பை உலகுக்கு உணர்த்தியது.