நூலகத்தின் திறவுகோல்

நுழையும்முன்

பல்லாயிரம் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தும், தேடும் நூல் கைக்கு வராவிடில் அந்நூலகத்தால் பயனில்லை. நூலையும் வாசகரையும் இணைப்பது நூற்பட்டியல். அட்டைகளில் இருந்த அப்பட்டியல் இன்று கணினிக்கு வந்துவிட்டது. அதனை இயக்கும் மென்பொருள் எவர் வசம் இருத்தல் வேண்டும்? இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

ஓர் எழுத்தாளர், பல பெயர்கள்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல், கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இரு பெரும் எழுத்தாளர்களைத் தமிழுக்கு அளித்த கரிசல் சிற்றூர். ‘கோபல்ல கிராமம்’ எழுதியவரின் பெயரைக் ‘கி.ரா.’ என்றும், ‘ராஜநாராயணன்’ என்றும், ‘இராஜநாராயணன்’ என்றும் எழுதுவர். பட்டியலில் ஒரு வடிவம் மட்டும் இருந்தால், மற்றொரு வடிவத்தைத் தேடும் மாணவர் ‘நூல் இல்லை’ என்னும் விடையோடு திரும்ப நேரும். நூலோ அடுத்த அலமாரியில் இருக்கும். எனவே பட்டியலாக்குவோர் ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, ஏனையவற்றை அதனோடு இணைக்கின்றனர். வாசகரின் நேரத்தைக் காத்தல், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் நான்காவதாகும்.

சிறு நூலகம் காட்டிய வழி

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை பழைய மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் தேதிக் கணக்கில் அது பிழைபடும் நிலை இருந்தது. ஆகவே அந்நூலகம், கட்டிபோ என்னும் நிறுவனத்தின் துணையுடன் ‘கோஹா’ என்னும் புதிய மென்பொருளை உருவாக்கி, 2000 ஜனவரியில் பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் அதனைத் தனக்கெனப் பூட்டி வைக்காமல் மூல நிரலுடன் உலகிற்கு வழங்கியது. இந்தியா உட்படப் பல நாடுகளின் நூலகங்கள் இன்று அதனைப் பயன்படுத்துகின்றன.

கட்டற்றது என்றால் என்ன?

ஒரு மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், பிறருக்கு வழங்கவும், மாற்றிய வடிவத்தைப் பகிரவும் உரிமை இருப்பின் அது கட்டற்ற மென்பொருளாகும். ‘இரா’ எனத் தொடங்கும் பெயரையும் ‘ரா’ எனத் தொடங்கும் பெயரையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதைத் தமிழறிந்தோரே உணர்வர். மூல நிரல் மூடப்பட்டிருந்தால், அத்திருத்தத்திற்கு விற்றவரின் இசைவை வேண்டி நிற்க வேண்டும். திறந்திருந்தால், தமிழறிந்த நிரலாளர் ஒருவரே அதனைச் செய்யலாம். செய்த திருத்தம் எல்லா நூலகங்களுக்கும் உரியதாகும்.

விலையும் உழைப்பும்

உரிமக் கட்டணம் இல்லை என்பதனால் செலவே இல்லை என்று கருதலாகாது. வழங்கிக் கணினி, பணியாளர் பயிற்சி, நாள்தோறும் தரவுப் படியெடுத்தல் ஆகியவை தேவை. பழைய எழுத்துருக்களில் உள்ள தமிழ்த் தரவுகளை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தலும் வேண்டும். முதலில் சில நூறு பதிவுகளை மாற்றிச் சோதித்த பின்னரே முழுமையும் மாற்றுதல் நன்று. பதிவுகளை மார்க் போன்ற பொதுத் தர வடிவில் வைத்திருந்தால், நாளை வேறொரு மென்பொருளுக்கும் எளிதில் மாறலாம். மென்பொருள் மாறும், பட்டியல் நிலைக்க வேண்டும்.

மழையை நம்பி வாழும் கரிசல் நிலத்தில், தன் ஊர் எழுத்தாளரின் நூலைத் தேடி வரும் மாணவர்க்குப் பொது நூலகமே பெருஞ்செல்வம். அச்செல்வத்தின் திறவுகோல் மக்களிடமே இருத்தல் முறையாகும்.

தெரியுமா?

‘கோஹா’ என்னும் மாவோரிச் சொல்லுக்கு அன்பளிப்பு என்பது பொருள். பெற்றவர் கைம்மாறு செய்வதும் அம்மரபில் அடங்கும். கு. அழகிரிசாமிக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த சிறுகதைத் தொகுப்பின் பெயரும் ‘அன்பளிப்பு’ என்பதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில், பல வடிவங்களில் பெயர் எழுதப்படும் எழுத்தாளர் ஐவரைக் கண்டறிந்து பட்டியலிடுக.
2. ‘கட்டற்ற மென்பொருள் செலவற்றதா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.